குழாய் நீருக்கும் ஓர் அளவு வேண்டும்

தண்ணீர் வரவில்லையே என்று கவலைப்படுவதுதான் தமிழகத்து நகரங்களில் வாழும் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். தெருக்குழாயடியில் குடங்களை வரிசையாக வைத்துக் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. லாரித் தண்ணீரை எதிர்நோக்கி இரவெல்லாம் விழித்திருந்த இல்லங்கள் பல. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோக, சென்னை மாநகரம் தவித்த தவிப்பை நாம் மறந்துவிடவில்லை. இத்தகைய மக்களிடம் சென்று, "உங்கள் குழாயில் தண்ணீர் அளவுக்கு மீறிய அழுத்தத்துடன் வருகிறது, அதைக் குறைத்தாக வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், அவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். குறைவாக வருவதன்றோ துன்பம்? மிகுதியாக வருவதும் ஒரு துன்பமா?

ஆம், அதுவும் துன்பமே. நகரங்களின் தோற்றம் இன்று மாறிவிட்டது. ஓட்டு வீடும் மாடி வீடும் இருந்த இடங்களில் பத்து, பதினைந்து தளங்கள் கொண்ட அடுக்ககங்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் உச்சியில் உள்ள தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்கள் எல்லா வீடுகளுக்கும் நீர் தருகின்றன. உச்சித் தளத்தில் வசிப்போர், "குழாயைத் திறந்தால் நூலிழைபோல் வருகிறது" என்று முறையிடுகின்றனர். தரைத்தளத்தில் வசிப்போரோ, "குழாயைத் தொட்டால் சீறிப் பாய்ந்து ஆடையை நனைக்கிறது; மாதம் தவறாமல் ஏதேனும் ஓர் இணைப்பு ஒழுகுகிறது" என்கின்றனர். ஒரே கட்டடம், ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். ஆயினும் மேல்வீட்டாருக்குப் பற்றாக்குறை, கீழ்வீட்டாருக்கு மிகை. இதற்குக் காரணம் யாது, தீர்வு யாது என்பதை இல்லறத்தார் அறிந்திருப்பது நலம். தீர்வாகிய சிறு கருவியை வாங்கிப் பொருத்துவோர் பலர். அதன் தன்மையை அறிந்து பொருத்துவோர் சிலரே.

தொட்டியின் பருமனா, உயரமா?

பெரிய தொட்டி கட்டியிருப்பதால்தான் இவ்வளவு அழுத்தம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது தவறான எண்ணம். நீரின் அழுத்தம் அதன் உயரத்தைச் சார்ந்ததேயன்றி, அதைத் தாங்கும் கலத்தின் வடிவத்தையோ கொள்ளளவையோ சார்ந்ததன்று என்பதை, ஃபிளாண்டர்ஸ் நாட்டவரான சைமன் ஸ்டெவின் 1586ஆம் ஆண்டிலேயே தம் நூலில் எடுத்துக் காட்டினார். பின்னர் பிரான்சு நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் இதனை மேலும் ஆராய்ந்தார். அடைபட்ட நீரின் ஓரிடத்தில் செலுத்தப்படும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்னும் அவருடைய விதி, அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1663இல் வெளிவந்த நூலில் இடம்பெற்றது. இவ்விருவர் கண்ட உண்மைகளும் இன்று நம் குளியலறைக் குழாய்க்குள் இரவும் பகலும் செயற்படுகின்றன.

கணக்கு மிக எளிது. பத்து மீட்டர் உயரமுள்ள நீர், தன் அடியிலுள்ள ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்துகிறது. இதனையே பிளம்பர்கள் சுருக்கமாக 'ஒரு கிலோ பிரஷர்' என்பர். கருவிகளின்மேல் அச்சிடப்படும் 'பார்' என்னும் அளவும் ஏறத்தாழ இதற்குச் சமமே.

தரைத்தளமும் அதன்மேல் 14 தளங்களும் கொண்ட ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தளமும் 3 மீட்டர் உயரம் உடையது. உச்சித் தளத்துக் குழாய்க்கும் தொட்டியின் நீர்மட்டத்திற்கும் இடையே ஐந்தரை மீட்டர் இருப்பதாகக் கொண்டால், அங்கே கிடைக்கும் அழுத்தம் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். தரைத்தளத்துக் குழாயோ அதைவிட 42 மீட்டர் கீழே உள்ளது. ஆகவே அங்கு நிற்கும் நீரின் உயரம் 47.5 மீட்டர், அழுத்தம் 4.75 கிலோ. உச்சி வீட்டைக் காட்டிலும் எட்டு மடங்குக்கு மேல்! தொட்டி ஆயிரம் லிட்டர் கொள்வதாயினும் ஐம்பதாயிரம் லிட்டர் கொள்வதாயினும் இக்கணக்கு மாறுவதில்லை. மேலே உள்ளோர் அனைவருக்கும் பயன்படும் உயரத்தின் பாரம் முழுவதும் கீழே உள்ளோரின் குழாய்மீது இறங்குகிறது என்பதே செய்தி.

மிகையழுத்தம் செய்யும் கேடுகள்

இந்தப் பாரம் என்னென்ன செய்யும் என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, குழாய்களின் உள்ளிருக்கும் வாஷர்களும் அடைப்புகளும் விரைவில் தேய்கின்றன. ஃப்ளஷ் தொட்டியின் மிதவை வால்வு முழுமையாக மூடாமல், இரவு முழுவதும் நீர் மெல்லக் கசிந்து கழிவுக்குழாயில் இறங்குகிறது. கழிவறையில் கைப்பிடியுடன் தொங்கும் நீர்த்தெளிப்பானின் குழல், பின்னலிட்ட இணைப்புக் குழல்கள் ஆகியவை பொறுத்துப் பார்த்து ஒருநாள் வெடிக்கின்றன. குடும்பத்தார் திருமணத்திற்கோ திருவிழாவிற்கோ ஊருக்குச் சென்றிருக்கும் நாளில் இது நேர்ந்துவிட்டால், திரும்பி வரும்போது மரச்சாமான்களும் படுக்கைகளும் நீரில் மிதக்கும், தொட்டியோ வறண்டிருக்கும். ஒரு வீட்டின் இணைப்புக் குழல் வெடித்ததனால் கட்டடம் முழுவதும் அன்று தண்ணீரின்றித் தவிக்க நேரிடும்.

இரண்டாவது, வீணாகும் நீர். ஒரு துளை வழியே பாயும் நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அஃதாவது, அழுத்தம் நான்கு மடங்கானால் பாயும் நீர் இரு மடங்காகும். 4.75 கிலோவை 2 கிலோவாகக் குறைத்தால், அதே அளவு திறந்த அதே குழாயில் பாயும் நீர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கை கழுவுவதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் அந்தக் குறைந்த அளவே தாராளமாகப் போதும். ஒழுகும் குழாய்க்கும் இக்கணக்கு பொருந்தும். வாளியை நிரப்புவதற்கு வேண்டிய நீர் குறையாது என்பது மெய். ஆனால் திறந்தபடி விட்டுச் செய்யும் வேலைகளில்தான் நம் இல்லங்களில் பெருமளவு நீர் வீணாகிறது என்பதை இல்லத்தலைவியர் அறிவர்.

மூன்றாவது, குழாய்களில் கேட்கும் 'தடால்' ஓசை. விரைந்து ஓடிவரும் நீரைத் திடீரெனத் தடுத்தால் அதன் வேகம் அழுத்தமாக மாறிக் குழாய்ச் சுவரை அறைகிறது. இதனை நீர்ச் சம்மட்டி எனலாம். இரசிய அறிஞர் நிக்கொலாய் சுகோவ்ஸ்கி, மாஸ்கோ நகரக் குழாய்களில் சோதனைகள் நடத்தி, இதன் கணக்கை 1898இல் வெளியிட்டார். இரும்புக் குழாயில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை ஒரு கணத்தில் நிறுத்தினால், ஏற்கெனவே உள்ள அழுத்தத்தின்மேல் 12 கிலோவுக்கும் மேலான அழுத்தம் நொடிப்பொழுது கூடும். பிளாஸ்டிக் குழாயில் இது பாதிக்கும் குறைவு. ஆயினும் நாள்தோறும் பன்முறை விழும் அடி, இணைப்புகளைத் தளர்த்தவே செய்யும். கால் சுற்றில் மூடும் இக்காலக் குழாய்களும், தாமே சட்டென மூடிக்கொள்ளும் சலவை இயந்திர வால்வுகளும் இந்த அடியைப் பெருக்குகின்றன. அழுத்தம் குறைந்தால் நீரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் அடியும் குறையும்.

பாதி மூடிய வால்வு ஏன் போதாது?

இத்தொல்லைகளுக்கு நம் வீடுகளில் வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம் ஒன்று உண்டு. பிளம்பர் வருவார், வீட்டுக்குள் நீர் நுழையும் இடத்திலுள்ள கேட் வால்வைப் பாதி மூடுவார், குழாயைத் திறந்து காட்டுவார், தண்ணீர் அடக்கமாக வரும். "பிரஷர் குறைந்துவிட்டது, அம்மா" என்று கூறிக் கூலி பெற்றுச் செல்வார். வீட்டாரும் மகிழ்வர். ஆயினும் அடுத்த மாதம் மீண்டும் இணைப்புக் குழல் வெடிக்கும். ஏன்?

இங்கேதான் பாஸ்கலின் விதியை நினைவுகூர வேண்டும். பாதி மூடிய வால்வு, நீர் ஓடும்போது மட்டுமே தடை செய்கிறது. எல்லாக் குழாய்களையும் மூடியபின் நீர் ஓடுவதில்லை. ஓடாத நீருக்கு அந்தத் தடை ஒரு தடையே அன்று. எத்துணைச் சிறிய இடைவெளியாயினும், அதன் வழியே மேலுள்ள அழுத்தம் முழுவதும் மெல்லக் கீழே இறங்கிவிடும். நாம் உறங்கும் வேளையில், வீட்டில் ஒரு குழாயும் திறந்திராத அந்த நேரத்தில், இணைப்புகள்மீது நிற்பது அதே 4.75 கிலோதான். குழல்களும் வாஷர்களும் நள்ளிரவில் பழுதாவதன் மறைபொருள் இதுவே. அன்றியும், கேட் வால்வு முழுமையாகத் திறப்பதற்கும் முழுமையாக மூடுவதற்கும் அமைந்தது. அதை இடைநிலையில் நீண்டநாள் வைத்தால் அதுவும் தேய்ந்து, வேண்டியபோது மூட மறுக்கும்.

ஆகவே, ஓட்டத்தைக் குறைப்பது வேறு, அழுத்தத்தைக் குறைப்பது வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்களே சரியான தீர்வைத் தேடுவர்.

கருவி இயங்கும் விதம்

சரியான தீர்வு, அழுத்தக் குறைப்பு வால்வு என்னும் கருவி. கடைக்காரர்களும் பிளம்பர்களும் இதனைப் 'பி.ஆர்.வி.' என்பர். உள்ளங்கையில் அடங்கும் பித்தளை உடல். அதன் மேல் ஒரு மணிபோன்ற மூடி. மூடிக்குள் ஒரு சுருள்வில்லும் அதன் கீழே ஒரு ரப்பர் சவ்வும் உள்ளன. சவ்வோடு இணைந்த சிறு அடைப்பான், நீர் செல்லும் துளையைத் திறக்கவும் மூடவும் வல்லது.

சுருள்வில், அடைப்பானைத் திறக்கும் திசையில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வால்வைக் கடந்து வீட்டுப் பக்கம் சென்ற நீரின் அழுத்தம், சவ்வை எதிர்த்திசையில் தள்ளி, மூட முயல்கிறது. வீட்டில் குழாயைத் திறந்தால் அப்பக்கத்து அழுத்தம் தாழ்கிறது, வில் வென்று துளையைத் திறக்கிறது, நீர் வருகிறது. குழாயை மூடினால் வீட்டுப் பக்கத்து அழுத்தம் ஏறுகிறது. நாம் குறித்த அளவை எட்டியவுடன் சவ்வு வென்று துளையை அடைக்கிறது. பின்னர் மேலே எத்தனை கிலோ நின்றாலும் கீழே இறங்குவதில்லை. மின்சாரம் வேண்டா; ஆளும் வேண்டா. ஓடும் நீரையும் அடக்குகிறது, நிற்கும் நீரையும் அடக்குகிறது. பாதி மூடிய வால்வால் இயலாததை இது செய்கிறது. மேலுள்ள திருகை வலப்புறம் சுற்றினால் வில் இறுகி அழுத்தம் கூடும். இடப்புறம் சுற்றினால் குறையும்.

அளந்த பின்னரே வாங்குக

நோயறியாமல் மருந்து உண்ணலாகாது; அளந்து பாராமல் இக்கருவியை வாங்கலும் ஆகாது. அழுத்தமானி ஒன்றை வீட்டின் குழாய் ஒன்றில் மாட்டி, மற்றக் குழாய்கள் அனைத்தையும் மூடிவிட்டு, முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நீர் ஓடும்போது பார்க்கும் அளவு நமக்குப் பயன்படாது. நிற்கும்போது பார்க்கும் அளவே உண்மையை உரைக்கும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து மட்டும் நீர் பெறும் வீடாயின், நீர்மட்டம் ஏறி இறங்குவதற்கேற்பச் சிறிதளவே முள் அசையும். பம்பின் மூலம் நேரே அழுத்தி நீர் அனுப்பும் அமைப்பாயின், பம்பு இயங்கும்போதும் நிற்கும்போதும் அளவு மாறும். அதிகாலையிலும் நள்ளிரவிலும் பார்த்து, மிகுதியான அளவையே கணக்கில் கொள்ள வேண்டும்.

அளவு இரண்டு கிலோவுக்கு உட்பட்டதாயின் இக்கருவி வேண்டுவதில்லை. தனி வீடு கட்டி, மொட்டைமாடியில் தொட்டி வைத்திருப்போருக்கு இது தேவையே இல்லை. வாங்குங்கள் என்று யாரேனும் வற்புறுத்தினால் மறுத்துவிடலாம். அமெரிக்க நாட்டுக் குழாய்ப்பணி விதிகள், நிற்கும் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 80 பவுண்டைத் தாண்டினால், அஃதாவது ஏறக்குறைய 5.6 கிலோவைத் தாண்டினால், இக்கருவியைக் கட்டாயமாக்குகின்றன. நம் அடுக்ககங்களில் நான்கு கிலோவை அணுகும்போதே தொல்லைகள் தலைகாட்டக் காண்கிறோம். வீட்டுக்குள் இரண்டு முதல் மூன்று கிலோ வரை வைத்துக்கொண்டால் குளிக்கவும் துவைக்கவும் குறைவிராது. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி முதலியவற்றின் கையேடுகளில் அவை தாங்கும் அளவு தரப்பட்டிருக்கும். அதையும் பார்த்துக்கொள்வது நன்று.

இன்னுமொன்றையும் எண்ண வேண்டும். நம் அடுக்ககங்கள் பலவற்றில் வீட்டுக்குள் நீர் ஒரே வழியில் நுழைவதில்லை. சமையலறைக்கு ஓர் இறங்குகுழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் தனித்தனி இறங்குகுழாய், ஃப்ளஷ் தொட்டிகளுக்கு மற்றொன்று என மூன்று நான்கு வழிகள் இருக்கக்கூடும். ஒரு வழியில் மட்டும் கருவியைப் பொருத்திவிட்டு, 'பயனில்லை' என்று குறைகூறுவது நியாயமன்று. எத்தனை வழிகள் உள்ளன என்பதை முதலில் எண்ணிக்கொள்க.

பொருத்தும் முறை

இப்பணியைத் தேர்ந்த பிளம்பரிடம் ஒப்படைப்பதே முறை. ஆயினும் பணி நடக்கும்போது உடனிருந்து கவனிக்க வேண்டியவை சில உண்டு.

இடம்: நீர் வீட்டுக்குள் நுழைந்தவுடன், கிளைகள் பிரிவதற்கு முன்னரே கருவி அமைய வேண்டும். கீசருக்குச் செல்லும் குழாயும் சாதாரணக் குழாயும் கருவிக்குப் பின்னரே பிரிதல் வேண்டும். ஒன்றில் மட்டும் அழுத்தம் குறைந்து மற்றதில் குறையாவிடில், வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் குழாயில் ஒன்று மற்றொன்றைத் தள்ளி, குளிப்பவரின் உடல் பொள்ளவும் நேரிடும். பிற்காலத்தில் கை எட்டித் திருகக்கூடிய இடமாகவும் அது இருக்கட்டும். ஓட்டுக்கற்களுக்குப் பின்னால் சுவரில் புதைத்துவிடலாகாது.

வரிசை: முதலில் ஒரு நிறுத்து வால்வு, அடுத்து வடிகட்டி, அதற்கடுத்து அழுத்தக் குறைப்பு வால்வு, பின்னர் அழுத்தமானி, இறுதியில் மற்றொரு நிறுத்து வால்வு. கருவியின் இருபுறமும் யூனியன்கள் இருந்தால், பழுதானபோது குழாயை அறுக்காமல் கழற்றலாம். வடிகட்டியும் அழுத்தமானியும் வீண் செலவு என்று சிலர் விட்டுவிடுவர். வடிகட்டி இல்லையேல் ஒரு மணல் துகள் கருவியைச் செயலற்றதாக்கிவிடும். அழுத்தமானி இல்லையேல் அது செயலற்றுப் போனதை நாம் அறியவே மாட்டோம்.

தூய்மை: நீரை நிறுத்தி, தாழ்வான குழாயைத் திறந்து வடித்தபின் குழாயை அறுப்பர். அறுத்த துகள்கள் உள்ளே தங்கும். கருவியை மாட்டுமுன் சிறிது நீரை வேகமாகப் பாயவிட்டு அத்துகள்களை வெளியேற்றுதல் இன்றியமையாதது. மரைகளில் சுற்றும் டெஃப்லான் நாடாவின் நுனி குழாய்க்குள் தொங்கலாகாது. சி.பி.வி.சி. குழாயாயின் பசை உள்ளே வழியாமலும், அது உறைவதற்குரிய நேரம் கழியுமுன் நீரைத் திறக்காமலும் பார்த்துக்கொள்க.

திசை: கருவியின் உடலில் ஓர் அம்புக்குறி வார்க்கப்பட்டிருக்கும். நீர் செல்லும் திசையில் அது இருக்க வேண்டும். பித்தளைக் கருவியின் பாரத்தைப் பிளாஸ்டிக் குழாய் தாங்காது. சுவரோடு கவ்வி கொண்டு பிணைக்க வேண்டும்.

அளவு குறித்தல்: முதல் நிறுத்து வால்வை மெல்லத் திறந்து, தொலைவிலுள்ள குழாயின் வழியே காற்று முழுவதும் வெளியேறியபின் அனைத்தையும் மூடுக. அழுத்தமானியைப் பார்த்துத் திருகைச் சுற்றுக. குறைக்கும்போது, திருகை இடப்புறம் சுற்றியபின் ஒரு குழாயைத் திறந்து மூடினால்தான் முள் புதிய அளவுக்கு இறங்கும். விரும்பிய அளவு வந்ததும் பூட்டுமரையை இறுக்கிவிடுக. அன்றிரவு வீட்டில் நீர் புழங்காத நேரத்தில் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் பணி செம்மை. அது மெல்ல மெல்ல ஏறியிருந்தால், துளையில் அழுக்கு சிக்கியிருக்கிறது. கழற்றித் துடைக்க வேண்டும்.

தீயணைப்புக்காகக் கட்டடத்தில் அமைந்துள்ள குழாய்களில் மட்டும் ஒருபோதும் கைவைக்கலாகாது. அவற்றுக்குரிய அழுத்தம் வேறு, விதிகளும் வேறு.

கீசரை மறவாதீர்

அழுத்தக் குறைப்பு வால்வு பொருத்தும்போது பலரும் மறப்பது கீசரை. தண்ணீர் சூடேறும்போது விரிவடைகிறது. 25 லிட்டர் கொள்ளும் கீசரில் 25 பாகை வெப்பமுள்ள நீர் 75 பாகையை எட்டும்போது, ஏறத்தாழ அரை லிட்டர் அளவுக்கு அது விரிகிறது. முன்னர் அந்த விரிவு, தடையேதும் இல்லாதவிடத்து, வந்த வழியே குழாயில் பின்னோக்கிச் சென்றிருக்கும். இடையில் அழுத்தக் குறைப்பு வால்வு வந்தபின் அவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. அடைபட்ட நீர் சுருங்காது. எனவே அழுத்தம் கடுகி ஏறும்.

இதற்காகவே கீசரோடு ஒரு பாதுகாப்பு வால்வு தரப்படுகிறது. குறித்த அளவை அழுத்தம் தாண்டினால் அது சிறிது நீரை வெளியேற்றிக் கொதிகலனைக் காக்கும். 'கீசர் சொட்டுகிறது' என்று எண்ணி அவ்வாயைத் துணி கொண்டோ மூடி கொண்டோ அடைத்துவிடும் வழக்கம் சில வீடுகளில் உள்ளது. இதைவிட ஆபத்தான செயல் வேறில்லை. வெளியேற வழியில்லாத வெந்நீர் கொதிகலனையே பிளக்கும். உயிருக்கும் ஊறு நேரும். அவ்வால்வு உள்ளதா, அதன் வாய் திறந்துள்ளதா, அதன் நீர் பாதுகாப்பான இடத்தில் வடிகிறதா என்பதைப் பார்த்த பின்னரே கீசரின் மின்விசையைப் போட வேண்டும். ஓயாமல் சொட்டிக்கொண்டே இருந்தால், விரிவைத் தாங்கும் சிறு கலம் ஒன்றைக் குழாயில் இணைக்கலாம். கீசரின்மேல் ஒட்டிய தகட்டில் அது தாங்கும் அழுத்தம் 6.5 பார் என்றோ 8 பார் என்றோ குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படித்திருக்க வேண்டும்.

செலவு யாருடையது?

இனி, அடுக்கக வாழ்வில் கடினமான வினாவுக்கு வருவோம். தாழ்ந்த தளங்களில் வசிப்போர் இக்கருவியைக் கோரும்போது, குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் இருவகைப் பதில்கள் எழுகின்றன. "உங்கள் வீட்டுத் தொல்லை உங்களுடையது; நாங்கள் ஏன் பணம் தரவேண்டும்?" என்பது ஒன்று. "எங்களுக்கே தண்ணீர் மெதுவாக வருகிறது, நீங்கள் ஏதோ கருவி வைத்தால் எங்களுக்கு இன்னும் குறையாதா?" என்பது மற்றொன்று.

இரண்டாவது அச்சத்தை முதலில் நீக்குவோம். கீழ்த்தளக் கிளையில் வைக்கும் கருவி மேல்வீட்டாரின் நீரைச் சிறிதும் குறைக்காது. மாறாக, கீழே விரைந்து வீணாகும் நீர் குறைவதனால் தொட்டியில் நீர் மிஞ்சும். ஒரே இறங்குகுழாயில் பல வீடுகள் ஒருசேர நீர் எடுக்கும் காலை வேளையில், கீழ்வீடுகளின் இழுப்புக் குறைந்தால் மேல்வீடுகளுக்கு முன்னிலும் சற்று நன்றாகவே நீர் கிட்டும். ஆக, கீழ்வீட்டின் தீர்வு மேல்வீட்டுக்கும் நன்மையே.

முதல் பதிலுக்கு மறுமொழி நீதியுணர்வில் இருக்கிறது. தரைத்தளத்தார் தம் வீட்டில் அழுத்தத்தை உண்டாக்கவில்லை. அனைவருக்கும் நீர் தருவதற்காக அனைவரும் சேர்ந்து உயர்த்தி வைத்த பொதுத் தொட்டியே அதனை உண்டாக்கியது. உயரத்தின் பயன் மேலுள்ளோருக்கு, உயரத்தின் பாரம் கீழுள்ளோருக்கு என்று பிரித்துவிட்டு, பாரத்திற்குரிய செலவையும் கீழுள்ளோரே ஏற்கட்டும் என்பது முறையாகுமா? கீழ்த்தளங்களில் பெரும்பாலும் முதியோரும், மாடி ஏற இயலாதோருமே விரும்பிக் குடியேறுகின்றனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நள்ளிரவில் வெடித்த குழலை அணைபோட்டு நிறுத்தும் வலிமை எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு உண்டா? பொது இறங்குகுழாயிலேயே, தாழ்ந்த தளங்களுக்குப் பிரியும் இடத்தில், பொதுச் செலவில் கருவிகளை அமைத்தல் நேர்மையான வழி. சிக்கனமான வழியும் அதுவே. பல வீடுகளுக்கு ஒரு கருவி போதுமாகையால் ஒவ்வொருவருக்கும் விழும் பங்கு சிறிதாகும்.

இவ்வாறு பொதுக் குழாயில் அமைக்கும்போது, பழுதுநேரத்தில் நீர் நில்லாதிருக்க ஒரு மாற்றுவழிக் குழாயும் வைப்பதுண்டு. அம்மாற்றுவழியின் வால்வு இறுக மூடியிருத்தல் வேண்டும். அது சிறிது கசிந்தாலும் இரவில் முழு அழுத்தமும் கீழே இறங்கிவிடும்; கருவி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். மிக உயர்ந்த கட்டடங்களில் ஒரே கருவியைக் கொண்டு பேரழுத்தத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைக்க முற்படுவதும் நன்றன்று. நீரின் சீற்றத்தால் கருவியின் உட்புறம் அரிக்கப்படும். இரண்டு படிகளாகக் குறைப்பதே ஏற்றது.

பொருத்தியபின் மறந்துவிடலாகாது

நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பும் உப்பும் மிகுதி. அவை வடிகட்டியின் வலையிலும் அடைப்பானின் இருக்கையிலும் படியும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுதல் நன்று. ஆண்டுக்கு ஒருமுறை, எல்லாக் குழாய்களையும் மூடி, அழுத்தமானியின் முள்ளைப் படித்து, பொருத்திய நாளில் குறித்த அளவோடு ஒப்பிட வேண்டும். அதற்காகவே அந்த அளவையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதிக் கருவியருகே கட்டிவைப்பது நல்ல வழக்கம். சவ்வும் அடைப்பானும் காலப்போக்கில் தேயும். அவற்றை மட்டும் மாற்றத்தக்க கருவியாக வாங்கினால் முழுக் கருவியையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

ஏரிகள் வறண்ட கோடையையும் கண்டோம். குழாய் வெடித்துக் கூடத்தில் வெள்ளம் நின்றதையும் காண்கிறோம். நீரின்மையும் துன்பம், அளவற்ற நீரும் துன்பம். இல்லத்திற்கு வேண்டியது இவ்விரண்டும் அன்று. வேண்டும்போது வேண்டிய அளவு கிடைப்பதே. மேல்வீட்டார் தம் குழாயை மட்டும் பாராமல், அதன் பாரத்தைத் தாங்கும் கீழ்வீட்டையும் எண்ணிப் பார்ப்பாராக. கீழ்வீட்டார் ஒவ்வொரு மாதமும் வாஷர் மாற்றிச் சலிப்பதை விடுத்து, ஓர் அழுத்தமானியை மாட்டி உண்மையை அளந்து, அந்த எண்ணுடன் அடுத்த சங்கக் கூட்டத்திற்குச் செல்வாராக. கோபத்தோடு பேசும் பத்துச் சொற்களைவிட அளந்து காட்டும் ஓர் எண் அங்கு நன்றாகப் பேசும்.